லாங் பெல்லுக்குப் பிறகு

மாலையில் அடிக்கும் கடைசி மணியைத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இன்றும் லாங் பெல் என்றுதான் சொல்கிறார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் படித்தவர்களுக்கு அந்த மணியோடு பள்ளிக்கூடம் முடிந்தது. கணக்கு வாத்தியார் காதைத் திருகியது, பெஞ்சின் மேல் ஏறி நின்றது, பட்டப்பெயர் சொல்லி வகுப்பே சிரித்தது எல்லாம் அந்தச் சுற்றுச்சுவருக்குள்ளேயே தங்கிவிடும். மறுநாள் காலை பிரேயர் வரைக்கும் பிள்ளை வேறு ஆள். தெருவில் கிட்டிப்புள் ஆடுகிறவன், குழாயடியில் அம்மாவுக்காகக் குடம் வைத்து நிற்கிறவள், அண்ணன் சைக்கிளைக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டப் பழகுகிறவன். வகுப்பில் கடைசி ராங்க் வாங்கியவன் தெருவில் கபடிக்குத் தலைவனாக இருப்பான். பள்ளியில் தலை குனிந்தவனுக்கு நிமிர்ந்து நிற்க வேறோர் இடம் இருந்தது.

சண்டைகளும் அப்படித்தான். இரண்டு பேர் காய் விட்டுக்கொண்டால் ஒரு நாள் பேசமாட்டார்கள், மிஞ்சிப்போனால் ஒரு வாரம். ராத்திரி தூங்கி எழுந்ததிலேயே பாதிக் கோபம் போயிருக்கும். 'நீ அப்படித்தான் சொன்னே', 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று இழுத்துப் பார்த்து, யாருக்கும் சரியாக நினைவில்லை என்றானதும், ஒரு நெல்லிக்காயைக் காக்கா கடி கடித்துப் பங்கு போட்டுப் பழம் விட்டுவிடுவார்கள். யாரும் எதையும் எழுதி வைத்துக்கொள்ளாததால் மன்னிப்பது சுலபமாக இருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. பிரம்படி இருந்தது. வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட பெண்கள் இருந்தார்கள். வீட்டில் முதலாவதாகப் படிக்க வந்த பையனுக்குப் பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிப்பு இருக்கிறது என்று சொல்ல ஊரில் ஆள் கிடையாது. இவற்றையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் அந்த மணியைப் பற்றிப் பேசுகிறேன்.

இன்று எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளிடம் பேசினால் வகுப்புக்கு இரண்டு வாட்ஸ்அப் குரூப் இருப்பது தெரியும். ஒன்றில் வகுப்பாசிரியர் அட்மின். வீட்டுப்பாடம், லீவு அறிவிப்பு, 'நாளை கலர் டிரெஸ்' எல்லாம் அதில் வரும். இன்னொன்றில் ஆசிரியர் இல்லை. யார் என்ன ஸ்டேட்டஸ் வைத்தாள், யாருடைய போட்டோவுக்கு யார் ஹார்ட் போட்டான், யாரை குரூப்பிலிருந்து தூக்கினார்கள், யாரை மட்டும் விட்டுவிட்டுப் புது குரூப் தொடங்கினார்கள் என்று அது ராத்திரி பதினொன்று வரை ஓடுகிறது. பிள்ளைகளுக்கு நிஜமான வகுப்பு அதுதான். மாலை நாலு மணிக்கு இரண்டு பேருக்குள் வந்த மனத்தாங்கலுக்கு ஏழு மணிக்குள் முப்பது சாட்சிகள் சேர்ந்துவிடுகிறார்கள். கோபத்தில் சொன்ன சொல் ஸ்க்ரீன்ஷாட்டாக நிற்கிறது. பழம் விட்டு மூன்று மாதம் ஆன பிறகும், வேறு யாரோ ஒருவர் போனிலிருந்து அது திரும்பி வருகிறது.

குரூப்பை விட்டு வெளியே வந்துவிட வேண்டியதுதானே என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். வெளியே வந்தால் காலையில் வகுப்பில் எல்லாரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே தெரியாது. ஒருவேளை தன்னைப் பார்த்துத்தானோ என்ற பயம் வரும். உள்ளே இருந்து அவமானப்படுவது ஒரு வேதனை, வெளியே இருந்து ஊகித்துக்கொண்டே இருப்பது அதைவிடப் பெரிய வேதனை. பதிமூன்று, பதினாலு வயதில் சக வயதினரின் மதிப்பு சோற்றைவிட முக்கியமாகத் தோன்றும். அந்த வயதைக் கடந்து வந்த யாருக்கும் இது மறந்திருக்காது.

சமூக ஊடகம் மாணவர்களுக்கு என்ன செய்தது என்று என்னைக் கேட்டால், பள்ளிக்கூடம் முடிகிற நேரத்தை எடுத்துக்கொண்டது என்பதைத்தான் முதலில் சொல்வேன். தூக்கம், கவனம், மதிப்பெண், மனச்சோர்வு என்று நாம் தனித்தனியாகப் பேசுகிறவற்றில் பெரும்பகுதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இது ஒரே நாளில் வந்ததில்லை. 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ சேவை தொடங்குவதற்கு முன் ஒரு ஜிபி டேட்டாவுக்கு இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. அதை ஒரு மாதத்துக்கு இழுத்துப் பிடித்துச் செலவழித்தார்கள். அடுத்த ஆண்டே நாளுக்கு ஒரு ஜிபி என்ற கணக்கு பழகிவிட்டது. அன்றைய டேட்டாவை அன்றே தீர்க்க வேண்டும், நள்ளிரவு தாண்டினால் மிச்சம் வீண். ஒரு பருக்கையைக்கூட வீணாக்காத வீடுகளில் டேட்டாவை வீணாக்காமல் பார்த்துத் தீர்க்கும் பழக்கம் இப்படித்தான் நுழைந்தது. ஆனாலும் அப்போதெல்லாம் போன் அப்பாவுடையது. அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில், அவர் கண்ணெதிரில், கொஞ்ச நேரம் பிள்ளைக்குக் கிடைக்கும்.

அதைப் பிள்ளையின் கைக்கு மாற்றியது 2020. கொரோனாவால் மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, எல்லாரும் தேர்ச்சி என்று தமிழக அரசு அறிவித்தது. பாடம் இனி போனில் என்றானது. கம்மலை அடகு வைத்தும், மாதத் தவணையிலும், குழுக் கடனிலும் இல்லாத வீடுகள் போன் வாங்கின. 'படிப்புக்கு' என்று சொல்லி வாங்கிக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க எந்தத் தாய்க்கும் கை வராது.

அதே மாதங்களில் இன்னொன்றும் நடந்தது. டிக்டாக் செயலியைத் தடை செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் உத்தரவிட்டு, மூன்று வாரத்தில் அந்தத் தடையை நீக்கியிருந்தது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசே அதை ஒரேயடியாகத் தடை செய்தது. காலியான இடத்தைப் பிடிக்க ஜூலையிலேயே இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸை இந்தியாவில் இறக்கியது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்த நாடும் இந்தியாதான். பள்ளி மூடியிருக்கிறது, தெருவில் விளையாடத் தடை, கையில் புதுப் போன், நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டா. அந்த நேரம் பார்த்து உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் இரண்டு சில வினாடி வீடியோக்களில் போட்டி போட்டுக்கொண்டு வந்து நின்றன. இடையில் சில வாரங்கள் திறந்து மூடியது போக, ஒன்பதாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்கள் பள்ளிக்கு நிலையாகத் திரும்ப 2021 செப்டம்பர் 1 ஆனது. சின்ன வகுப்புகளுக்கு நவம்பர் 1. அந்த ஒன்றரை ஆண்டில் பழகியதற்காகப் பிள்ளைகளைத் திட்டுவது அநியாயம் என்றே நினைக்கிறேன். அவர்களைச் சுற்றி நாம் வேறெதையும் விட்டு வைக்கவில்லை.

எல்லாத் தலைமுறைக்கும் 'பிள்ளைகளைக் கெடுக்கும் சாமான்' ஒன்று இருந்தது என்பார்கள் சிலர். உண்மைதான். முத்து காமிக்ஸைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்து அடி வாங்கியவர்கள் இன்று தாத்தாக்கள். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க டிவி இருக்கிற வீட்டு முற்றத்தில் தெருவே கூடியது. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்தபோது 'இனிமே எவன் படிப்பான்' என்று புலம்பாத வாத்தியார் குறைவு. ஆனால் காமிக்ஸுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது, அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒளியும் ஒலியும் சில பாட்டுகளோடு முடிந்து, செய்தி தொடங்கியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போவார்கள். கிளை நூலகத்தில் நேரமானால் நூலகர் ஜன்னலைச் சாத்தத் தொடங்குவார். 'போதும், எழுந்திரு' என்று சொல்வது அந்தப் பொருளுக்குள்ளேயே, அந்த இடத்துக்குள்ளேயே இருந்தது.

2006-ல் அசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், பக்கத்தின் அடிக்குப் போனதும் அடுத்தது தானாகவே வந்து சேரும்படி ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார். 'அடுத்த பக்கம்' என்று அழுத்துகிற தொல்லை வேண்டாம் என்பதுதான் அவர் நோக்கம். பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 2009-ல் ஃபேஸ்புக்கில் லைக் வந்தது, பாராட்டுக்கு எண்ணிக்கை வந்துவிட்டது. எது வந்தால் பிள்ளையின் விரல் நிற்கிறது, எதை இரண்டாம் முறை பார்க்கிறது என்று கவனித்து, அதற்கேற்ப அடுத்ததைத் தேர்ந்து கொடுக்கிற நிரல் இன்று எல்லாத் தளத்திலும் இருக்கிறது. ஆக, நிறுத்துகிற வேலை முழுவதும் பார்க்கிறவரின் தலையில். நாற்பது வயது அப்பாவுக்கே முடியாததை ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் படிப்பில் அடி விழுவது அங்கேதான். அன்று பரீட்சை நாட்களில் பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். விடியற்காலை நாலரைக்கு அம்மா எழுப்பிவிட்டு, கடுங்காப்பியைக் கையில் கொடுத்து, 'இப்ப படிச்சா மனசுல நிக்கும்' என்பார். தூங்கி எழுந்த மூளைதான் படித்ததைப் பிடித்துக்கொள்ளும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. பகலில் கற்றதை மூளை உறக்கத்தில் ஊன்றி வைக்கிறது என்று ஆராய்ச்சியும் சொல்கிறது. 13 முதல் 18 வயதுவரை நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வரையறுத்தது. இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை பள்ளி முடித்து, டியூஷனுக்குப் போய், வீட்டுக்கு வரும்போது எட்டரை. சாப்பிட்டு, எழுத வேண்டியதை எழுதி முடித்தால் பத்தரை. யாரும் எதுவும் கேட்காத, தனக்கே தனக்கென்ற நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. அதை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் போர்வைக்குள் ஒரு மணிவரை வெளிச்சம் தெரிகிறது.

போனைப் பிடுங்கி பீரோவில் வை என்கிறவர்கள், அந்தப் பிள்ளையின் பகலில் ஓடி விளையாட எத்தனை நிமிடம் மிச்சம் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வது பள்ளிகளில் சர்வ சாதாரணம். தெருவில் பந்து விளையாடினால் கார் கண்ணாடி உடையும் என்று விரட்டுகிறோம். ஏரிக்கரையில் வீட்டு மனை போட்டாயிற்று. விளையாட்டை ஒவ்வொரு பக்கமாக அடைத்துக்கொண்டே வந்து, கடைசியில் திறந்திருந்த ஒரே சன்னலைப் பார்த்தபடி பிள்ளை உட்கார்ந்திருப்பதைக் குற்றம் என்கிறோம்.

முதல் பீரியடில் கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பாடத்தில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் பாதியில் கவனம் நழுவுகிறது. நீளமான கேள்வியை முடிவுவரை படிக்காமலே விடை எழுதத் தொடங்குகிறார்கள். கிராமப்புற இந்தியாவில் நடத்தப்படும் அசர் ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை, 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 82 பேருக்கு ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரியும் என்கிறது. ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்பு சம்பந்தமாக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 பேர், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 பேர். கம்மலை அடகு வைத்தபோது அந்தத் தாயின் மனதில் இருந்த கணக்கு வேறு.

மதிப்பெண்ணுக்கு வருவோம். அன்று பொதுத்தேர்வு முடிவு மாலைப் பத்திரிகையில் பதிவெண்களாக வரும். பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டைப் பிரிப்பதற்குள் கூட்டம் நெருக்கும். எண் இருந்தால் பாஸ். எவ்வளவு மார்க் என்பது பள்ளியில் ஒட்டுகிற பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். எண் இல்லாதவன் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நிற்பது கொடுமையானது, அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒப்பீடு எதிர்வீட்டுப் பையனோடும் மாமா பெண்ணோடும் முடிந்துபோகும்.

2017-ல் மாநில, மாவட்ட அளவில் ராங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு நிறுத்தியது. பிள்ளைகள்மேல் அக்கறையோடு எடுத்த முடிவு அது. ராங்க் இன்று ஸ்டேட்டஸ் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. முடிவு வெளியான கால் மணி நேரத்தில் மதிப்பெண் ஸ்க்ரீன்ஷாட், கேக், மாலை, பயிற்சி மையத்தின் கலர் போஸ்டர் எல்லாம் வரிசையாக வருகின்றன. பத்தாம் வகுப்பில் 430 வாங்கிய ஒரு பெண் காலையில் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்திருப்பாள். அவள் வீட்டில் இதுவரை யாரும் எட்டாத மார்க் அது. மதியத்துக்குள் 485, 491, 496 என்று பார்த்துப் பார்த்து, சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்கிறாள். அவளுடைய வெற்றிக்கு ஆயுசு நாலு மணி நேரம். மார்க்குக்கு நடப்பதுதான் முகத்துக்கும் நடக்கிறது. நிறத்தைச் சொல்லிக் கேலி செய்வது அன்றும் இருந்தது, சொன்னவன் முகம் தெரியும், திருப்பிச் சொல்லலாம். இன்று ஃபில்டர் வெளுப்பாக்கிய ஆயிரம் முகங்களோடு தன் முகத்தை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறது. இதில் யாரைத் திருப்பிச் சொல்வது?

பெரியவர்களாகிய நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று பள்ளியில் வருடத்துக்கு ஒரு குரூப் போட்டோ. தலைமையாசிரியர் நடுவில் உட்கார, சட்டையின் மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு பின் வரிசையில் நின்றதோடு சரி. இன்று பிள்ளையைக் கேட்காமல் படம் எடுக்கிறவர்கள் முதலில் பெரியவர்களே. வாசிக்கத் திணறுகிற பையனை, ஒப்பித்தலில் தடுமாறி அழுகிற சின்னக் குழந்தையை, வகுப்பறையிலேயே வீடியோ எடுத்துச் சிரிப்புப் பாட்டு சேர்த்துப் போடுகிறார்கள். அதை நாமும் குடும்ப குரூப்புக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அந்தப் பையன் பத்தாம் வகுப்புக்கு வரும்போதும் அது யாரோ ஒருவர் போனில் இருக்கும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அது உதவட்டும். வகுப்பறையில் பிள்ளைக்கு எதிரே போனைத் தூக்குகிற கைக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும்.

தென் மாவட்டங்களில் சமூக ஊடகத்தின் பாதிப்பு இன்னும் கடுமையான வடிவம் எடுத்திருக்கிறது. சாதி அன்றும் பள்ளியில் இருந்தது. யார் எந்தப் பானையில் தண்ணீர் குடிக்கலாம் என்பதில் இருந்தது, பிறகு கையில் கட்டும் கலர் கயிற்றில் இருந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள் வைத்து வெட்டப்பட்டார்கள். அந்த வழக்கில் பிடிபட்டவர்களும் பள்ளிப் பிள்ளைகள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு அமைத்த குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறுகள் கூடாது என்றதோடு, பள்ளி வளாகத்தில் மாணவர்கள் செல்போன் பயன்படுத்துவதைத் தடை செய்யவும் அது பரிந்துரைத்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னதில் காரணம் இருக்கிறது. கயிற்றைப் பள்ளி வாசலில் நின்று அவிழ்க்கச் சொல்லலாம். அரிவாளும் வெள்ளைச் சட்டையும் சாதிப் பெருமைப் பாட்டுமாக ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பதினைந்து வயதுப் பையனின் போனில் ஓடுவதை எந்த ஆசிரியரும் பார்க்க முடியாது. ஒரு முறை பார்த்தால் அடுத்தடுத்து அதையே கொண்டுவந்து கொட்டுகிற ஏற்பாடு, ஊரில் பெரியவர்கள் பத்தாண்டில் ஊட்டுகிற விஷத்தைப் பத்து நாளில் ஊட்டிவிடுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகும், இதே போனால் வாழ்க்கை திறந்த பிள்ளைகளை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வராது. பொறியியல் கலந்தாய்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்றே தெரியாமல் வாய்ப்பை விட்டவர்கள் முன்பு ஊருக்கு ஊர் இருந்தார்கள். இன்று ஓர் அரசுப் பள்ளி மாணவி கட்-ஆஃப் கணக்கை வீடியோ பார்த்துத் தானே போட்டுக்கொள்கிறாள். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதுப் பாடப் புத்தகங்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. வகுப்பில் புரியாத இயற்பியலை ராத்திரி யாரோ முகம் தெரியாத ஆசிரியர் தமிழில் பொறுமையாக நாலு முறை சொல்லித் தருகிறார். காது கேளாத பிள்ளை, திக்குவாய் உள்ள பிள்ளை, தன் உடலும் மனமும் ஒத்துப்போகாமல் தவிக்கிற பிள்ளை, ஊரில் தன்னைப்போல் இன்னொருவர் இல்லை என்று நினைத்திருந்தவர்கள் இணையத்தில்தான் துணையைக் கண்டார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த நன்மையும் ஆபத்தும் ஒன்றாகவே வருகின்றன. அசர் 2023 அறிக்கையின்படி, ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிந்த 14 முதல் 18 வயது ஆண்களில் நூற்றுக்கு 44 பேரிடம் சொந்தமாக ஒன்று இருந்தது, பெண்களில் 20 பேரிடம்தான். போன் கிடைத்த பெண்ணுக்கும் அது எப்போது வேண்டுமானாலும் பிடுங்கப்படலாம். யாரோ அவள் படத்தை மாற்றி வைத்துக்கொண்டு மிரட்டினால் அவள் வீட்டில் சொல்லமாட்டாள். சொன்னால் முதலில் போன் போகும், அடுத்து பள்ளி போகும், அதற்கடுத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள். மிரட்டுகிறவனின் பலமே அந்த வீட்டின் இந்த வரிசைதான். குழந்தைகளுக்கான 1098, இணையக் குற்றங்களுக்கான 1930, தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி உதவிக்கான 14417 ஆகிய எண்கள் இருக்கின்றன. ஆனால் அவள் முதலில் சொல்ல நினைப்பது அம்மாவிடம். 'உன் மேல தப்பில்லை, படிப்பை நிறுத்த மாட்டோம்' என்ற வாக்கு நடந்த பிறகு கொடுத்தால் பயனில்லை. போன் வாங்கிக் கொடுக்கிற அன்றே கொடுக்க வேண்டும்.

ஆராய்ச்சியாளர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்கிறேன். ஆமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரஷ்பில்ஸ்கியும் பெரிய கணக்கெடுப்புகளை அலசி 2019-ல் வெளியிட்ட கட்டுரையில், இளையோரின் நலத்தில் காணும் வேறுபாட்டில் மின்திரைப் பயன்பாட்டுக்கு உள்ள பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்றார்கள். மறுபக்கம், 2004-ல் ஹார்வர்டில் தொடங்கிய ஃபேஸ்புக் ஒவ்வொரு கல்லூரியாகப் பரவிய வரிசையை வைத்து, அது வந்த கல்லூரிகளையும் இன்னும் வராத கல்லூரிகளையும் பிராகியேரி, லெவி, மகாரின் ஆகிய மூவர் ஒப்பிட்டார்கள். 2022-ல் வெளியான அந்த ஆய்வில், ஃபேஸ்புக் வந்த இடங்களில் மாணவர்களின் மனநலம் குன்றியதும், மனச்சிக்கல்களால் படிப்பு பாதிக்கப்பட்டதாக அவர்களே சொன்னதும் பதிவாகியிருக்கிறது. மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்ப்பது முக்கியக் காரணமாகத் தெரிந்தது. சராசரியில் சின்னதாகத் தெரிவது ஒரு பிள்ளையிடம் பெரிதாக இருக்கலாம் என்பது என் எண்ணம். நாற்பது பேர் வகுப்பில் முப்பத்தைந்து பேருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த ஐந்து பேரின் பெயர் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பயன்பட்ட ஆய்வு வேறொன்று. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் லியோனார்டோ பர்ஸ்டினும் உடன் ஆய்வாளர்களும் 2023-ல் ஒரு கேள்வி கேட்டார்கள். நீ மட்டும் நாலு வாரம் டிக்டாக்கை விட்டுவிட எவ்வளவு பணம் வேண்டும்? சராசரியாக 59 டாலர் என்றார்கள். இன்ஸ்டாகிராமுக்கு 47. உன்னோடு சேர்ந்து மற்ற எல்லாரும் விட்டுவிடுவதாக இருந்தால்? அப்படி நடப்பதற்குத் தாங்களே 28 டாலரும், இன்ஸ்டாகிராமுக்கு 10 டாலரும் கையிலிருந்து கொடுக்கத் தயார் என்று வந்தது. தனியாக வெளியேறப் பயம், சேர்ந்து வெளியேற ஆசை. நம் பிள்ளைகளின் வகுப்பு குரூப்பில் நடப்பதும் இதுதான். ஒரு பிள்ளையிடம் போனைப் பிடுங்கினால் அது தண்டனை. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் இழப்பில்லை. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்திய சட்டத்தின் பலமும் அதுவே, எல்லாருக்கும் ஒரே நாளில் என்பது. நம் ஊரில், ஒரே போனை நாலு பேர் பயன்படுத்தும் வீடுகளில், வயது பார்த்துத் தடுப்பது எப்படி நடக்கும் என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமம் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. ஊரடங்கில் பிள்ளைகள் போனுக்குப் பழகிப் படிப்பை விட்டதைக் கண்டு, 2022 ஆகஸ்டில் அந்த ஊர்ப் பெண்கள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கோயில் மேல் ஒரு சைரன் வைத்தார்கள். தினமும் மாலை ஏழு மணிக்கு அது ஒலித்தால் ஊர் முழுக்க டிவியும் போனும் அணைய வேண்டும், எட்டரைக்கு மறுபடி ஒலிக்கும்வரை. தொடக்கத்தில் ஆண்கள் கேலி செய்தார்கள். அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். அதில் எனக்குப் பிடித்தது, கட்டுப்பாடு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து இருந்ததுதான்.

நம் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோரே பெரும்பான்மை. கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றித் தீர்மானம் போடுகிற அந்தக் குழு இதையும் பேசலாம். வீட்டுப்பாடத்தை லாங் பெல்லுக்கு முன்பே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவது, மாலை ஆறு மணிக்கு மேல் வகுப்பு குரூப்பில் ஆசிரியர் எதையும் அனுப்பாமல் இருப்பது என்பது முதல் தீர்மானம். 'ஹோம்வொர்க் பாக்கணும்' என்று போனைக் கையில் எடுக்க வேண்டிய கட்டாயம் அப்போதுதான் போகும். ஏழு முதல் எட்டரைவரை பெற்றோர் உட்பட எல்லார் வீட்டிலும் போனை ஓரமாக வைப்பது இரண்டாவது. பி.டி. பீரியடை வேறு பாடத்துக்குக் கொடுப்பதில்லை என்பது மூன்றாவது. எங்கள் ஊர்ப் பள்ளியின் அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் எடுத்துக்கொள்ளும்படி தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.